வயசா, வருத்தமா? 13 வயது ரொமி

கொக்குவில்காரி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரொமி சாதாரண ஊர் நாய். 2012 இல் நல்லூர்த் தேருக்கு அடுத்த நாள், ஒழுங்கை முடக்கில் ஓர் உரப்பைக்குள் கிடந்து கத்திக்கொண்டிருந்தவன். அன்றிலிருந்து விறாந்தைதான் அவனுடைய ராச்சியம். சைக்கிள் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவான். மீன்காரருக்கு ஒரு குரைப்பு, கரண்ட் பில் கொண்டுவருபவருக்கு வேறொரு குரைப்பு.

இந்த மாரி முடிந்த கையோடு ஆள் மாறிப்போனான். தைப்பொங்கல் விடியற்காலை வெடி என்றால் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே போய் நடுங்குவது வழக்கம். இந்த முறை பக்கத்து வளவில் சீனவெடிக் கட்டு வெடித்தபோதும் நல்ல நித்திரை. "பெடியனுக்கு இப்பதான் பயம் தெளிஞ்சிருக்கு" என்று சிரித்தோம். இரண்டு கிழமை கழித்து, பின்னால் நின்று அவனுடைய சோற்றுக் கோப்பையைத் தட்டியும் திரும்பாதபோதுதான் உறைத்தது, அவனுக்குக் காது கேட்கவில்லை.

கண்ணில் நீலம் பாய்ந்த மாதிரி ஒரு மங்கல். காலையில் எழும்ப நாலைந்து தரம் எத்தனிக்கிறான், பின்னங்கால் இரண்டும் வழுக்கி விலகுகின்றன. (தம்பி கனடாவிலிருந்து காசு அனுப்பி 2019 இல் விறாந்தைக்கு ரைல்ஸ் போட்டோம். பழைய சீமெந்துத் தரையில் இந்தக் கரைச்சல் இருந்ததில்லை.) இரவு இரண்டு மணிக்கு எழும்பி வளவைச் சுற்றுகிறான், பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்று ஊளையிடுகிறான். போய்த் தொட்டால் "நீ ஆர்?" என்பது போல ஒரு பார்வை. வைக்கிற வாளித் தண்ணீர் முடிகிறது. விறாந்தையிலேயே சலம் போகிறான். அம்மாவுக்கு 78 வயது, அதில் இரண்டு தரம் வழுக்கப் பார்த்தார். போன கிழமை நித்திரையில் கிடந்தவனைத் தடவப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளையை உறுமிக் கவ்வப் பார்த்தான். பல் படவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் பிள்ளைகளைப் பார்த்து அவன் உறுமியதே கிடையாது.

மிருக வைத்தியர் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டோம். கேற்றடியில் நின்றபடியே பார்த்தார், விற்றமின் ஊசி ஒன்று போட்டார், "வயசு போனால் இப்படித்தான்" என்றார், போய்விட்டார். கால் நோகிறதாக்கும் என்று நானாகவே இரண்டு நாள் பாதிப் பனடோல் (பரசிற்றமோல்) சோற்றுக்குள் வைத்துக் கொடுத்தேன். அம்மா அவனைப் பின் வளவில் கட்டச் சொல்கிறார். தம்பி வட்ஸ்அப்பில் சக்கரம் பூட்டிய கனடா நாய்களின் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

இதில் எது வயசு, எது வருத்தம், அதாவது நோய்? எங்கே தொடங்குவது?

தென்மராட்சியான்:

அக்கா, முதலில் பனடோலை நிறுத்துங்கள். நாய்க்கு அதைக் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை நிறை பார்த்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கூடினால் ஈரல் போகும். பூனை வைத்திருப்பவர்களும் இதை வாசித்தால் நினைவில் வையுங்கள், பூனைக்கு ஒரு குளிசையே எமன். மனுசர் போடும் டைக்குளோபெனாக், ஐபுபுரொபன் பக்கமே போக வேண்டாம். வயிற்றைப் புண்ணாக்கிக் கிட்னியையும் அடிக்கும்.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பயம் தந்தது ஊளை இல்லை, வாளி முடிகிறது என்ற வசனம்தான். எங்கள் ஜூலியும் இப்படித்தான் குடித்தாள். வெயிலுக்குக் குடிக்கிறாள் என்று நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். கருப்பை எடுக்காத வயசான பெட்டை, உள்ளே சீழ் கட்டியிருந்தது. தெரியவந்தபோது பிந்திவிட்டது. உங்களுடையது கடுவன், அந்த வருத்தம் வராது. ஆனால் கிட்னி வருத்தமும் சீனி வருத்தமும் கடுவன், பெட்டை பார்ப்பதில்லை.

கண்மட்டத்துக்கு விடாமல் அளந்து பாருங்கள். காலையில் போத்தலால் அளந்து ஊற்றி, அடுத்த நாள் அதே நேரம் மிச்சத்தை அளக்க வேண்டும். கிணற்றடி வாளி, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள், கள்ளமாகக் குடிப்பான். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 50, 60 மில்லிலீற்றர் என்றால் சரி. 100 ஐத் தாண்டினால் அதை வயசு என்று சொல்ல முடியாது. அதற்காக, சலம் போகிறானே என்று தண்ணீரைக் குறைத்து வைத்துவிடாதீர்கள். கிட்னி பழுதான நாய் சலம் கூடப் போவதால்தான் கூடக் குடிக்கிறது. மறித்தால் காய்ந்துபோகும்.

அந்தக் கணக்கைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். கையில் கணக்கு இருந்தால் விற்றமின் ஊசியோடு அனுப்புவது கஷ்டம். இரத்தத்தில் கிட்னிக்கு யூரியா, கிரியற்றினின், அதோடு சீனியும் பார்க்கக் கேளுங்கள். காலை முதற் சலமும் கொண்டுபோனால் நல்லது.

பழைய ஆள்:

அந்தக் காலத்தில் நாய்க்கு இரத்தம் சோதித்தவர் ஆர்? வயசு போனால் மாமரத்தடியில் போய்ப் படுக்கும், ஒரு நாள் எழும்பாது. இனி யாராவது வந்து கண்டிக்குப் பக்கத்தில் பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுவார்கள், பாருங்கள்.

கொக்குவில்காரி:

ஐயா, மாமரத்தடியில் படுத்த நாய்க்கு எவ்வளவு நோ என்று அந்தக் காலத்தில் ஆரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பேராதனையை நானும் யோசித்தேன். ஏ9 வீதியால் கண்டிக்கு 321 கிலோமீற்றர். கேற்றுக்குப் போவதற்குள் மூன்று தரம் குந்துகிறவனை வானில் ஏற்ற மனம் வரவில்லை. முதலில் இங்கேயே பார்ப்போம். தம்பி தென்மராட்சி, இன்று தொடக்கம் அளக்கிறேன்.

ஊசிக்காரி:

நான் ஒரு மிருக கிளினிக்கில் உதவிக்கு நிற்கிறேன், வைத்தியர் இல்லை. தண்ணீர்க் கதை முடிந்துவிட்டது, மற்றதைச் சொல்கிறேன்.

நீல மங்கல் என்றால் பெரும்பாலும் கண்வில்லை வயசில் இறுகுவது, அதில் பார்வை ஓரளவு இருக்கும். பால் மாதிரி வெள்ளையாக அடைத்தால்தான் கற்ராக்ட். ஒரு பஞ்சுருண்டையை அவன் முன்னால் போட்டுப் பாருங்கள். சத்தமும் மணமும் இல்லாதது என்பதால், கண் தெரிந்தால்தான் தலை திரும்பும். பகலில் ஒரு தரம், மைம்மலுக்குள் ஒரு தரம் போட வேண்டும்.

பிள்ளையை உறுமியதற்கு அவனை ஏசாதீர்கள். காது கேட்காத நாயை நித்திரையில் தொட்டால் திடுக்கிடும், அதோடு இடுப்பில் நோவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். கிட்டப் போகுமுன் தரையில் காலால் இரண்டு தரம் தட்டுங்கள், அதிர்வு அவனுக்குத் தெரியும். அல்லது மூக்குக்கு முன்னால் கையைப் பிடியுங்கள். பிள்ளைகளுக்கும் அதையே பழக்குங்கள். விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருடம் போட்டதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள், வயசு என்று அதை விடக் கூடாது.

சுவரைப் பார்த்து நிற்பது, இரவைப் பகலாக்குவது, தெரிந்தவரைத் தெரியாத மாதிரிப் பார்ப்பது எல்லாம் மனுசருக்கு வயசில் வரும் அறளை (மறதி, தடுமாற்றம்) மாதிரி நாய்க்கும் வருவதுதான். ஆனால் நோவும் கிட்னியும் கூட நித்திரையைக் குழப்பும், ஆகவே சோதனை முடியும்வரை அறளை என்று முடிவு கட்டாதீர்கள். அதுவரைக்கும் இரவில் சின்ன லைற் ஒன்று எரியட்டும். சாப்பாட்டுக் கோப்பை, படுக்கை, கதிரை எதையும் இடம் மாற்ற வேண்டாம். அவனுடைய வீட்டு வரைபடம் இப்போது மூக்கிலும் காலிலும்தான் இருக்கிறது. பின் வளவில் கட்டினால் அதுவும் போய்விடும்.

அப்புறம் நகத்தைப் பாருங்கள். இதை ஒருவரும் பார்ப்பதில்லை. ஒழுங்கையில் ஓடித் திரிந்த காலத்தில் தானாகத் தேய்ந்த நகம் இப்போது வளைந்து ரைல்ஸில் முட்டும், பாதம் பதியாது. கிளினிக்குக்குக் காலை இழுத்துக்கொண்டு வரும் நாய்களில் சிலது நகம் வெட்டினவுடனேயே கொஞ்சம் நிமிர்ந்து நடக்கும்.

ஒன்று கேட்கிறேன், சோற்றுக்குச் சொதி ஊற்றுகிறீர்களா?

கொக்குவில்காரி:

ஊற்றுகிறோம். ஏன்?

ஊசிக்காரி:

வெங்காயம். அவித்தாலும் நாய்க்குக் கூடாது, இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். நாங்கள் சின்ன வெங்காயத்தை அள்ளிப் போடுகிற ஊர் ஆட்கள். இன்றோடு நிறுத்துங்கள்.

கொக்குவில்காரி:

மூன்று கிழமை கழித்து வருகிறேன். கேட்ட எல்லோருக்கும் நன்றி.

நிறை பார்த்தது ஒரு கூத்து. மகன் அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினான், 79. தனியே ஏறினான், 61. ஆக ரொமி 18 கிலோ. மூன்று நாள் அளந்த தண்ணீர் 2.7, 2.9, 2.8 லீற்றர். கிலோவுக்கு 150 மில்லிலீற்றருக்கு மேலே. சலம் பிடிக்கக் குசினியில் இருந்த பழைய சிரட்டை அகப்பையைத் தடியில் கட்டிக்கொண்டு விடிய ஐந்தரைக்கு நான் பின்னால் போக, அவன் காலைத் தூக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாம் நாள்தான் சரிவந்தது. அந்த அகப்பையை எறிந்துவிட்டேன் என்று அம்மாவுக்கு இன்னும் கோபம்.

வேறொரு வைத்தியரிடம் போனோம். கடதாசியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். சீனி இல்லை. கிரியற்றினின் கூடி 3.1, கிட்னிதான். சலமும் தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. இடுப்பு மூட்டும் தேய்ந்திருக்கிறது. வழக்கமாக மூட்டுக்குக் கொடுக்கும் மருந்து இந்தக் கிட்னியோடு சரிவராது என்று வேறொரு நோக் குளிசையைச் சின்ன அளவில் எழுதினார். பனடோல் கதையைச் சொன்னேன். ஏசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏச்சை விட மோசம்.

மாறாது என்று நேராகச் சொன்னார். பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கருவாட்டுத் தலை, எலும்பு, ஈரல் எல்லாம் நின்றுவிட்டன. சோற்றைக் குழைய அவித்து, முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் கோழி இறைச்சி, உப்பில்லாமல். ஒரு நேரச் சாப்பாட்டை நாலாகப் பிரித்தோம். ஆறினால் தொடமாட்டான், இளஞ்சூடாக வைத்தால் மணத்துக்குத் தலையைத் தூக்குகிறான். கோப்பையை ஒரு சீமெந்துக் கல்லின் மேல் வைத்திருக்கிறோம், குனியும்போது முன்னங்கால் நடுங்குவது நின்றிருக்கிறது. தண்ணீர் இப்போது இரண்டு இடத்தில்.

நகம் உண்மையிலேயே வளைந்துதான் இருந்தது. கறுப்பு நகம் என்பதால் நரம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. நாளைக்கு இரண்டு நகமாக, நுனியை மட்டும் மகன் வெட்டினான். ஒன்றில் இரத்தம் வந்தது, கோன்பிளவர் மாவை வைத்து அழுத்தப் பிடித்தோம், நின்றது.

ரைல்ஸுக்குச் சாக்கு விரித்தோம், சாக்கே அவனோடு சேர்ந்து வழுக்கியது. பிறகு மகன் சைக்கிள் கடையில் பழைய ரியூப்கள் வாங்கி வந்து, கீலமாக வெட்டிச் சாக்கின் அடியில் தைத்தான். அசையவில்லை. படுக்கையிலிருந்து படிவரை ஒரு பாதை, படிக்குப் பக்கத்தில் பலகைச் சரிவு ஒன்று. இப்போது அவன் சாக்கின் ஓரத்தை முன்னங்காலால் தடவித் தடவி நடக்கிறான். ஓரம் முடிந்து ரைல்ஸ் குளிரத் தொடங்கினால் காலை இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே வைக்கிறான். பஞ்சுருண்டை பகலில் தெரிந்தது, மைம்மலில் தெரியவில்லை. ஆகவே சாக்குப் பாதைதான் அவனுக்கு இரவில் கண்.

ஊளை நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் சலத்துக்கு வெளியே கூட்டிப்போனால் விறாந்தை காய்ந்து கிடக்கிறது. பத்து மணி என்னுடையது. இரண்டு மணி அம்மாவுடையது. நான் சொல்லவில்லை. அவருக்கும் அந்த நேரம் நித்திரை வராதாம். தன் அறையிலிருந்த சின்ன லைற்றைக் கழற்றி விறாந்தையில் பூட்டச் சொன்னதும் அவர்தான். தரையில் கைத்தடியால் இரண்டு தட்டு, ரொமி எழும்புகிறான், இரண்டு பேருமாக ஒரே வேகத்தில் வளவுக்குள் போய்வருகிறார்கள்.

எப்போது போதும் என்று எப்படித் தெரியும் என வைத்தியரைக் கேட்டேன். சாப்பிட்டானா, எழும்பினானா, ஆளைக் கண்டு வாலை ஆட்டினானா என்று பார்த்து நாட்காட்டியில் குறிக்கச் சொன்னார். கெட்ட நாள் கூடினால் வந்து கதைப்போம் என்றார். சாமியறையில் தொங்கும் பஞ்சாங்க நாட்காட்டியில் நல்ல நாளுக்கு நீலப் பேனையால் ஒரு புள்ளி, கெட்ட நாளுக்குச் சிவப்பு. இந்தக் கிழமை ஐந்து நீலம், இரண்டு சிவப்பு. நேற்று நான் குறிக்கப் போனால் ஏற்கெனவே நீலம் வைத்திருந்தது. நேற்று அவன் மத்தியானம் சாப்பிடவில்லை, அது சிவப்பு நாள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"பின்னேரம் ஒரு முட்டை திண்டவன்," என்றார் அம்மா, "நீ வேலையாலை வர முதல்."