புதுப்பிப்பு: நாவல் நகர ஆரம்பித்துவிட்டது

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சொக்குகிறது, ஒரு பத்திகூட எழுத முடியவில்லை என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். நடங்கள், சாப்பாட்டை மாற்றுங்கள் என்றீர்கள். இரண்டையும் செய்தேன். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பெரிய மாற்றம் நடையால்தான். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஒப்பெஸோவும் ஷ்வார்ட்ஸும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடியிருந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் இருந்தது. எனவே பூங்காதான் வேண்டும் என்றில்லை. ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் வேலையில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். எனக்கு ரொம்ப உதவியது இந்தத் தகவல்தான். கதை முட்டிக்கொண்டு நின்றால் தெருவில் இறங்கி நடக்கிறேன். திருத்துவது, பிழை பார்ப்பது எல்லாம் நாற்காலியில்தான்.

மதியம் சோறு பாதி, பொரியலும் பயறும் கூடுதல். மயக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. காப்பியிலிருந்து உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால் மாலைக் காப்பியையும் விட்டேன். தூக்கம் சீராகி, விடியற்காலையில் எழுத முடிகிறது.

ஓடலாமா என்று கேட்டவருக்கு: ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி, நாவல் எழுதும் காலத்தில் 4 மணிக்கு எழுந்து 5, 6 மணி நேரம் எழுதிவிட்டு, பிற்பகலில் 10 கிலோமீட்டர் ஓடுவதாக அல்லது 1,500 மீட்டர் நீந்துவதாக 2004-இல் ஒரு பேட்டியில் சொன்னார். என் முழங்காலுக்கு இப்போதைக்கு நடைதான் சரி.