பிளாங்ஸ்டியின் கறுப்பு ஆல்பத்துக்கு அப்புறம் எதைக் கேட்கலாம்?

நாணல்:

மூன்று வாரமாக ஒரே ஆல்பத்தில் நிற்கிறேன். அயர்லாந்தின் நாட்டுப்புற இசைக் குழுவான பிளாங்ஸ்டி 1973இல் வெளியிட்ட முதல் ஆல்பம். அட்டை கறுப்பாக இருப்பதால் ரசிகர்கள் அதைக் கறுப்பு ஆல்பம் என்றே சொல்கிறார்கள்.

இரவுப் பணி முடிந்து பஸ் ஏறியதும் முதல் பாட்டைப் போடுவேன். பணக்கார வீட்டுப் பெண்ணொருத்தி பஞ்சு மெத்தையை உதறிவிட்டு நாடோடிகளோடு போய்விடுகிறாள். கணவன் குதிரையில் தேடிக்கொண்டு போகிறான். குழுவின் பாடகர் கிறிஸ்டி மூர் அதைப் பாடி முடிக்கிற இடத்தில் இசை நிற்பதில்லை. மாண்டலினும் புஸூக்கி என்ற தந்தி வாத்தியமும் கைபிடித்து அழைத்துப்போவது போல நம்மை வேறொரு மெட்டுக்குள் கொண்டுபோய் விடுகின்றன. அது ருவாரி டால் ஓ கஹான் என்ற பார்வையற்ற யாழ்க் கலைஞர் 17ஆம் நூற்றாண்டில் அமைத்த மெட்டாம். அந்த ஒரு திருப்பத்துக்காகவே பாட்டைப் பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்கிறேன்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அடுத்து எந்த ஆல்பம்? அப்புறம், குழுவின் லியம் ஓஃபிளின் வாசிக்கும் பைப் என்ற குழல் வாத்தியத்தில் மெட்டுக்கு அடியில் சில இடங்களில் ஆர்மோனியம் போலச் சேர்ந்திசை கேட்கிறதே, அது வேறு யாராவது வாசிப்பதா?

பழையடேப்:

நாணல், உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதுவும் அவர் ஒருவரே வாசிப்பதுதான். அந்த வாத்தியத்தின் பெயர் இல்லன் பைப். ஐரிஷ் மொழியில் அந்தச் சொல் முழங்கையைக் குறிக்கும். வாயால் ஊதுவதில்லை, ஒரு முழங்கையால் துருத்தியை அமுக்கி, இன்னொரு கையின் கீழே இருக்கும் பைக்குள் காற்றை ஏற்றுவார்கள். நாகசுரத்துக்கு ஒத்து பிடிப்பது போல மூன்று குழல்கள் சுருதி நிறுத்தும். அவற்றோடு ரெகுலேட்டர் என்று மூடிய குழல்கள் சில தொடைமேல் கிடக்கும். விரல்கள் மெட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டால் அவற்றின் சாவிகளைத் தட்டுவார். நீங்கள் கேட்ட சேர்ந்திசை அதுதான். ஓஃபிளின் லியோ ரவ்ஸம் என்ற பைப் கலைஞரிடம் முறையாகக் கற்றவர். இன்னொரு பைப் கலைஞரான சீமஸ் என்னிஸ் 1982இல் காலமானபோது தன்னுடைய பைப்பை இவருக்குத்தான் விட்டுச்சென்றார். ஓஃபிளினும் 2018இல் போய்விட்டார். அந்தச் செய்தி வந்த அன்று முழுக்க நான் வேறெதையும் கேட்கவில்லை.

அடுத்த ஆல்பம் என்றால் சந்தேகமே இல்லாமல் இரண்டாவது, 'தி வெல் பிலோ தி வேலி'. அதே 1973இல் வந்தது. தலைப்புப் பாட்டை இரவில் தனியாகக் கேளுங்கள். கிணற்றடியில் ஒரு பெண்ணிடம் வழிப்போக்கன் தண்ணீர் கேட்கிறான். பேசப் பேச, அவளுடைய குழந்தைகள் எங்கெங்கே புதைக்கப்பட்டன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறான். மூர் குரலை உயர்த்துவதே இல்லை. வாய்மொழியில் அழிந்தே போனதாக ஆய்வாளர்கள் நினைத்திருந்த பாட்டு இது. 1960களில் டாம் மன்னெலி என்ற சேகரிப்பாளர் ராஸ்காமன் மாவட்டத்தின் பாயில் ஊரில் ஜான் ரைலி என்பவரிடம் இதைக் கண்டெடுத்தார். ரைலி ஊர் ஊராகத் திரியும் டிராவலர் சமூகத்துக்காரர். வறுமையிலேயே வாழ்ந்து 1969இல் இறந்தார். நீங்கள் பஸ்ஸில் கேட்கும் அந்த நாடோடிப் பாட்டும் மூருக்கு வந்தது அவரிடமிருந்துதான்.

ரைலியின் குரலே 'தி போனி கிரீன் ட்ரீ' என்ற தட்டாக 1978இல் வெளிவந்தது. வாத்தியமே கிடையாது. பிளாங்ஸ்டியை நேசிக்கிறவர்கள் ஒருமுறையாவது அதைக் கேட்க வேண்டும் என்று யாரிடமும் கெஞ்சத் தயார்.

எட்டுத்தந்தி:

பழையடேப் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நாணல் மயங்கி நிற்பது அந்தத் திருப்பத்தில் அல்லவா? அதைச் செய்தது தந்திகள். நான் ஐந்து வருடமாகப் புஸூக்கி பழகுகிறேன், அதனால் எனக்கு அங்கேதான் காது போகும்.

அது கிரேக்க வாத்தியம். 1960களில் ஜானி மொய்னிஹான் அதை ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்தார். பிளாங்ஸ்டியில் அதை வாசிக்கும் டோனல் லனி வெறும் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) அடிப்பதில்லை. குழுவின் இன்னொருவரான ஆண்டி இர்வினின் மாண்டலின் விட்ட இடைவெளியில் இவர் நுழைவார், இவர் விட்ட இடத்தில் அவர். தனித்தனியாகப் பிரித்து வாசித்துப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் தெரியும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

அதே கறுப்பு ஆல்பத்தில் கொல்லன் பாட்டின் முடிவைக் கேளுங்கள். பாட்டு தீர்ந்ததும் தாளம் திடீரென்று பால்கன் நடையில் ஓடும். இர்வின் 1968இல் பல்கேரியா, ருமேனியாப் பக்கம் சுற்றித் திரிந்ததன் பலன். அந்த வழியிலேயே போனால் 1974இன் 'கோல்ட் ப்ளோ அண்ட் தி ரெய்னி நைட்', அங்கிருந்து 1979இன் 'ஆஃப்டர் தி பிரேக்'. பிந்தையதில் ஒரு பல்கேரிய நடனமெட்டு உண்டு. காலால் தாளம் போட முயன்று பாருங்கள், எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். மேட் மலாயின் புல்லாங்குழலும் அந்த ஆல்பத்தில் சேர்ந்துவிட்டது.

முதல் நால்வரும் மறுபடி ஒன்றுகூடி டப்ளினில் வாசித்த 'லைவ் 2004'ஐ கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் கழித்து வயதான குரல்கள். பழைய தட்டுகளை நன்றாக ஊறவைத்த பிறகு கேட்டால்தான் அதன் இனிமை பிடிபடும்.

நாணல்:

இரண்டு பேருக்கும் நன்றி. கிணற்றுப் பாட்டை நேற்று வீட்டில் விளக்கணைத்துவிட்டுக் கேட்டேன். இன்று காலை ரைலியின் பதிவு. நாடோடிப் பாட்டை அவர் பாடி முடித்ததும் அடுத்த மெட்டு வரும் என்று காது தானாகக் காத்திருந்தது. வரவில்லை. அந்த மௌனத்துக்குப் பக்கத்திலிருந்துதான் இந்த நால்வரும் பாலத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. 'கோல்ட் ப்ளோ' நாளை இரவு பஸ்ஸுக்கு.