மறு: கலைச்சொல் வேண்டும் – இருட்டில் முளைப்பதும் வெளிச்சத்தில் முளைப்பதும்

குழுவினருக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) உள்ள அக்காமார்களுக்குமாக ஒரு சின்னக் கையேடு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வீட்டுக்குள் தட்டு வைத்து, எல்இடி விளக்கின் கீழ் முள்ளங்கி, பட்டாணி, வெந்தயம், சிவப்பு முட்டைக்கோஸ் முளைக்க வைப்பது எப்படி என்பதுதான் விஷயம். (என் பின்னறையில் இரவெல்லாம் தெரியும் ஊதா வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, என்ன கடை திறந்திருக்கிறாய் என்று கேட்காத ஆள் இல்லை.) ஒளியில்லாத இடத்தில் முளைக்கும் செடி பச்சை பிடிக்காமல், பெரும்பாலும் நீண்டு எழும்புவதை ‘எட்டியோலேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘வெளிறல்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. புதிதாக எதற்கு?

வெளிறல் என்றால் இருந்த நிறம் போவது. துணி வெளிறும், பவளப்பாறை வெளிறும். இருட்டில் முளைத்த பயறு பச்சையாக இருந்ததே இல்லையே, எதை இழக்கும்? பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகும் வழியில் ஒரு படிக்கு ஒளி கட்டாயம் வேண்டும். அதற்கு முந்தைய பொருள் வரைக்கும் செடி இருட்டிலேயே செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் கரோட்டினாய்டு நிறமிகளுடையது.

எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் இன்னொன்றும் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவரிடம் மட்டை வெளிறுகிறது என்று சொன்னால் அவர் நினைவு உரத்துக்குத்தான் போகும். மக்னீசியம் குறைந்த மரத்தில் அடிமட்டைகள் மஞ்சளாகும். அதுவும் வெயில் படும் பக்கம்தான் மஞ்சள். மேலே இன்னொரு ஓலையின் நிழல் விழுந்த இடம் பச்சையாகவே நிற்கும். நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிர். எனவே வெளிறல் வேண்டாம்.

> ‘முளைநீட்சி’ எளிதாகப் புரியுமே?

புரியும். ஆனால் தவுகே (பயறு முளை) இடிக்கிறது. தவுகே முழுக்க இருட்டில் வளர்வது. ஆனால் ஈப்போ புந்தோங் தவுகேயைப் பாருங்கள்: குட்டை, நல்ல பருமன். சுண்ணாம்புக்கல் மலைத் தண்ணீர்தான் காரணம் என்பது ஊர்ப்பேச்சு. தண்ணீரின் பங்கு எப்படியும் இருக்கட்டும். முளைகள் நெருக்கியடித்து, மேலே வைத்த பாரத்தை முட்டிக்கொண்டு வளரும்போது எத்திலீன் வாயு சுரக்கிறது. எத்திலீன் பட்ட முளை நீளாமல் தடிக்கும். இருட்டில் வைத்த பட்டாணி நாற்றுகள் விளக்கெரிக்கும் வாயுவால் குட்டையாகித் தடித்து வளைவதைப் பார்த்து, அதற்குக் காரணம் எத்திலீன் என்று 1901இல் ரஷ்யாவின் நெல்யூபோவ் காட்டினார். ஆக நீளம் ஓர் அறிகுறிதான், அதுவும் எப்போதும் வருவதில்லை. நிறத்தையும் நீளத்தையும் விட்டுவிட்டு, காரணமான இருட்டைச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி.

> நம்மிடம் முளைப்பாரி இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும்? ‘முளைப்பாரி வளர்ச்சி’ என்றே வைக்கலாம்.

இதைப் படித்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நவதானியத்தைச் சட்டியில் விதைத்து, வெயில் படாமல் மூடிய அறையில் வைத்து, வெளிர்மஞ்சளாக உயரமாக எழும்பியதைத் தலையில் சுமந்து வருகிறோம். ஒளி மறைத்தால் முளை எப்படி வளரும் என்பதை நம் பெண்கள் நன்றாகவே அறிந்து செய்திருக்கிறார்கள். ஆனால் முளைப்பாரி என்பது அந்தச் சடங்கு முழுவதற்குமான பெயர். கும்மியும் அதில் அடக்கம். கலைச்சொல்லாக்கினால் இரண்டுக்கும் சங்கடம். கையேட்டில் முதல் எடுத்துக்காட்டாகக் கட்டாயம் வரும்.

சரி, என் பரிந்துரை: ‘இருள்வளர்ச்சி’. இதற்கு எதிரிணையாக ‘ஒளிவளர்ச்சி’. இருள்வளர்ச்சியில் தண்டு எழும்பும், நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும், வித்திலைகள் (விதைக்குள்ளேயே இருக்கும் முதல் இலைகள்) மூடியே இருக்கும். மண்ணுக்குள் கிடக்கும் விதைக்கு இது சரியான ஏற்பாடு. வளைந்த நுனி மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒளி பட்டதும் தண்டின் ஓட்டம் அடங்கும், கொக்கி நிமிரும், வித்திலை விரியும், பச்சை ஏறும். இந்த மாறுதலுக்குத் தனிச்சொல் தேட வேண்டியதில்லை, ‘பச்சைபிடித்தல்’ இருக்கிறது.

இங்கே ஒளி செடிக்கு உணவு அல்ல, தகவல். உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. முதல் சில நாள் அதைத் தின்றுதான் முளை வளர்கிறது. அதனால்தான் மங்கலான விளக்குகூட வேலை செய்கிறது. 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வாளர்கள் லெட்டூஸ் விதைக்குச் சிவப்பு ஒளியையும் அதைத் தாண்டிய தொலைசிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கடைசியாகக் காட்டியது சிவப்பு என்றால் விதை முளைத்தது, தொலைசிவப்பு என்றால் பெரும்பாலும் அடங்கிக் கிடந்தது. 660, 730 நானோமீட்டர் அலைநீளம் என்று விளக்குப் பெட்டியில் எழுதியிருப்பது இந்த இரண்டையும்தான்.

சத்துப் பகுதியில் எச்சரிக்கையாக இருக்கிறேன். காய்ந்த பயற்றில் வைட்டமின் சி இல்லையென்றே சொல்லலாம். முளைக்கும்போது உண்டாகிறது, இருட்டிலும்தான். வெளிச்சம் காட்டினால் பச்சையமும் கரோட்டினாய்டும் கூடும். சிவப்பு முட்டைக்கோஸ் போன்றவற்றில் நீல ஒளி ஆந்தோசயனினைத் தூண்டி ஊதா நிறத்தை அழுத்தமாக்கும். ஆனால் 3 நாள் வயது ப்ரோக்கோலி முளையில் முற்றிய செடியைவிட 10 முதல் 100 மடங்கு குளுக்கோராஃபனின் என்ற பொருள் இருக்கலாம் என்று 1997இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சொன்னார்களே, அது விதையிலிருந்தே வரும் சொத்து. விளக்கு விற்பவர்கள் அதையும் விளக்கின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அப்புறம், எல்லாம் பச்சையானால் நல்லது என்றும் இல்லை. வெளிச்சத்தில் வைத்த தவுகே நார் தட்டும், வாசம் மாறும். மீ கோரெங்கில் (வறுத்த நூடுல்ஸில்) போட்டால் சாப்பிடுபவர் முகம் சுளிப்பார்.

இன்னொரு சொல்: எந்த நிறம் எத்தனை பங்கு, எவ்வளவு பிரகாசம், நாளுக்கு எத்தனை மணி நேரம், எந்த நாளிலிருந்து என்ற முழு ஏற்பாட்டுக்கு ‘ஒளிப்பக்குவம்’ என்று நினைத்திருக்கிறேன். ‘ஒளிக்கலவை’ என்றால் நிறம் மட்டும்தான் வருகிறது.

— சுங்கை சிப்புட்

*

வணக்கம் அம்மா.

இருட்டைச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது சரி. ‘வளர்ச்சி’தான் உதைக்கிறது. ஒளிவளர்ச்சி என்று எழுதிப் பாருங்கள். வகுப்பில் பத்தில் எட்டுப் பிள்ளை ‘ஒளியால் வளர்வது, அதாவது ஒளிச்சேர்க்கை’ என்றுதான் எழுதும். நான் திருத்திய தாள்களை வைத்துச் சொல்கிறேன். நீங்களே உணவு வேறு, தகவல் வேறு என்று பிரித்துவிட்டு, சொல்லில் மறுபடி சேர்த்துவிட்டீர்கள்.

மாறுவது செடியின் உருவம். ஆகவே இருளுரு, ஒளியுரு. அளவு கூடுவதும் குறைவதும் இதற்குள் வராது, உங்கள் குட்டைத் தவுகேயும் தப்பித்துவிடும்.

பக்குவம் வேண்டாம். கனி பக்குவம், காய் பக்குவம் என்று பயிரைப் பற்றியே பேசுகிறோம். ‘ஒளிப்பக்குவம் சரியாக இருந்தால்’ என்றால் முளை முற்றிவிட்டது என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். ‘ஒளித்திட்டம்’ போதும்.

— தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற ஆசிரியர்

*

ஐயா,

இருளுரு, ஒளியுரு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘தவுகே இருளுருவிலேயே சந்தைக்கு வருகிறது.’ ‘விளக்கைப் போட்ட சில மணி நேரத்தில் முளை ஒளியுருவுக்கு மாறத் தொடங்கும்.’ ‘இருளுருவில் தட்டை அதிக நாள் வைத்தால் தண்டு துவண்டு சாயும்.’ எங்கும் இடறவில்லை. வினையாகவும் வருகிறது: இருளுருப் பெறும், ஒளியுருப் பெறும். தலைச்சொல் இவைதான், பச்சைபிடித்தல் பச்சையம் ஏறுவதை மட்டும் குறிக்கட்டும்.

ஒளித்திட்டம் பற்றி அரைமனதுதான். திட்டம் என்றதும் மாவட்ட அலுவலக அறிவிப்பு போலிருக்கிறது. ஆனாலும் முற்றல் என்ற பொருள் குறுக்கிடும் என்று நீங்கள் சொல்வது நியாயம். அட்டவணைத் தலைப்பில் ஒளித்திட்டம் என்று போடுகிறேன். அக்காமாரிடம் பேசும்போது பக்குவம் என்றுதான் வாயில் வரும், அதைத் தடுக்க முடியாது.

இயற்பியல் தெரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளக்கின் பிரகாசத்தை லக்ஸில் எழுதக்கூடாது என்று குறிப்பு சேர்க்க வேண்டும். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, 555 நானோமீட்டர் பச்சையைத்தான் அதிகம் மதிக்கும். சிவப்பும் நீலமும் கலந்த விளக்கைக் கருவி மங்கல் என்று காட்டும். செடிக்கு ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் ஒளித்துகள்களை மைக்ரோமோலில் எண்ண வேண்டும். அந்த அளவுக்கு ‘ஒளித்துகள் பாயம்’ (ஆங்கிலத்தில் flux) சரியா, அல்லது ‘பாய அடர்த்தி’ என்று சேர்த்தே சொல்ல வேண்டுமா? இதைத் தனி இழையில் கேட்கிறேன். மைக்ரோகிரீனுக்கான (சிறு நாற்றாகவே வெட்டி உண்ணும் கீரைக்கான) சொல்லையும் அங்கேயே பார்ப்போம். முளைக்கீரை என்று யாரும் எழுதிவிடாதீர்கள், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கீரை சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறது.

— சுங்கை சிப்புட்