அமடேயஸ்: சொல்லச் சொல்ல எழுதும் அந்தக் காட்சி

ஒற்றைஸ்வரம்
கதை எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். ‘அமடேயஸ்’ படத்துல, சாகக் கிடக்கிற இசையமைப்பாளர் மொசார்ட் படுக்கையில இருந்து சொல்றார்; அவர்மேல பொறாமைப்படுற இசையமைப்பாளர் சாலியேரி கையில பேனா. எழுதுறது ‘ரெக்வியம்’ங்கிற இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையோட ‘கன்ஃபுடாட்டிஸ்’ பகுதி, ஏ மைனர் ஸ்கேல். முதல்ல பாஸ்ங்கிற கனத்த ஆண் குரல், அப்புறம் டெனர்ங்கிற மேல்ஸ்தாயி ஆண் குரல். அடுத்து ஊதுற வாத்தியங்கள்: பாஸ் குரலோட ரெண்டாவது பாஸூனும் பாஸ் டிராம்போனும், டெனரோட முதல் பாஸூனும் டெனர் டிராம்போனும். டிரம்பெட், டிம்பனி முரசுக்கு வந்ததும் சாலியேரி திணறுறார். கடைசியா தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே வரியில. ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியா காதுல போட்டுட்டு, அப்புறம் மொத்தமாத் திறந்து விடுறாங்க. சாலியேரியோட அந்தப் ‘புரியலையே’ முகம் கண்ணை விட்டுப் போகவே மாட்டேங்குது.

சுத்தப்பிரதி
காட்சி அபாரம்தான். ஆனால் இந்தப் பகுதிக்கு மொசார்ட்டின் கையெழுத்தில் இருப்பது நான்கு குரல், அடியில் பாஸ் வரி (கீழ்ஸ்தாயி வாத்தியங்களுக்கானது), சில இடங்களில் வயலின், அவ்வளவே. டிரம்பெட், டிம்பனியெல்லாம் அவர் இறந்த பிறகு சேர்ந்தவை. மொசார்ட்டின் உதவியாளர் சூஸ்மயர் முடித்த வடிவத்தைத்தான் நாம் பெரும்பாலும் கேட்கிறோம். இதற்கு அடுத்த பகுதியான ‘லாக்ரிமோசா’ மொசார்ட் கையெழுத்தில் எட்டாவது பாரோடு (தாளக் கட்டத்தோடு) நிற்கிறது. சாலியேரி பேனா பிடித்தது முழுக்கக் கற்பனை. 1791 அக்டோபரில் மொசார்ட் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், தன் ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஓபரா பார்க்க வந்த சாலியேரி ஒவ்வொரு உருப்படிக்கும் ‘பிராவோ’ சொன்னதாகத்தான் இருக்கிறது.

காற்றுவாத்தியம்
@சுத்தப்பிரதி, 1830-லேயே ரஷ்ய எழுத்தாளர் புஷ்கின் தன் நாடகத்தில் சாலியேரி கையில் விஷத்தைக் கொடுத்துவிட்டார். பழியை இந்தப் படத்தின் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

படத்தில் எனக்குப் பிடித்தது மொசார்ட்டின் அந்த 13 வாத்திய ‘செரினேட்’ இசைதான். கீழே பாஸூனும் பாசெட் ஹார்னும் முனகிக்கொண்டிருக்க, மேலே ஓபோ ஒரே ஸ்வரத்தில் நிற்கும்; கிளாரினெட் வந்து வாங்கிக்கொள்ளும். 13-ல் ஒன்று டபுள் பாஸ், தந்தி வாத்தியம், ஊதுவதல்ல.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: 1984 பதிப்பை முதலில் பாருங்கள். 2002 பதிப்பு ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். கடைசியில் மொசார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸே சாலியேரியிடம் ஏன் அவ்வளவு கடுமை காட்டுகிறாள் என்பது அதில்தான் விளங்கும். போன் ஸ்பீக்கர் கூடவே கூடாது, பாஸ் வரி காணாமல் போய்விடும். அது போனால் இந்தக் காட்சியே போச்சு. ஸ்கோர் (ஸ்வரக் குறிப்பு) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் தடவை பாஸ் வரியை மட்டும் விரலால் தொடருங்கள், அடுத்த தடவை டெனர், அப்புறம் தந்தி. ‘வோகா மே’ என்ற வரியில் பெண் குரல்கள் மெல்ல வரும்போது ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். ஆண் குரல்கள் திரும்பும்போது காது கிழிந்துவிடும்.

ஒற்றைஸ்வரம்
நான் பேசினது அந்த முகத்தைப் பத்தி. அதுக்கு இவ்வளவு நீள மருந்துச்சீட்டா?

@சுத்தப்பிரதி, டிராம்போன் யாரோடதா இருந்தா என்ன? தந்திகளோட அந்தக் கொதிப்பு மொசார்ட்டோடதுதானே?

சுத்தப்பிரதி
அது அவருடையதுதான்.