லூப் போடாமல் அணியை மாற்றுவது: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

காரைக்குடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். கல்லூரியில் முதலாமாண்டுக்குப் பைத்தான் நிரல்மொழி எடுக்கிறேன். பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள். அவர்களுக்கான பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை.

60 பேரின் மதிப்பெண்கள் ஓர் அணியில் (அரே) இருக்கின்றன. எல்லோருக்கும் 5 கூட்டவேண்டும். வழக்கமாக மடக்கு (லூப்) எழுதி, சுட்டெண்ணை (இண்டெக்ஸ்) நகர்த்தி நகர்த்திக் கூட்டுவோம். பைத்தானில் எண் அணிகளுக்கான நம்பை (NumPy) நிரலகத்தில் 'மதிப்பெண் += 5' என்றால் முடிந்தது. 35-க்குக் கீழே இருப்பவர்களை மட்டும் தூக்கிவிட 'மதிப்பெண்[மதிப்பெண் < 35] = 35' என்று ஒரே வரி. இந்த முறையை வெக்டரைசேஷன் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அணி, மடக்கு இரண்டும் பிளஸ் ஒன் புத்தகத்திலேயே பழகிய சொற்கள். அவற்றோடு ஒட்டி வந்தால் நல்லது.

புதுவயலிலிருந்து (இப்போது பெங்களூரு):

டீச்சர், தயவுசெய்து 'திசையனாக்கம்' வேண்டாம். வெக்டர் என்றால் திசையன், அதனால் இது திசையனாக்கம் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணுக்கு ஏது திசை?

ஆங்கிலச் சொல்லே குழப்பம்தான். நம்பையில் வெக்டரைஸ் என்ற பெயரிலேயே ஒரு வசதி உண்டு. அது உள்ளுக்குள் சாதாரண பைத்தான் லூப்தான், வேகத்துக்காகச் செய்ததல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது. உண்மையில் வேகம் தருவது, அந்தச் சுற்று சி மொழியில் எழுதிய பகுதிக்குள் நடப்பதுதான். அதாவது மடக்கு எங்கும் போய்விடவில்லை, நம் கண்ணில் படவில்லை. என் முன்மொழிவு: மறைமடக்கு.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி சொன்னதில் பொருள் இருக்கிறது. அதற்கு முன் ஒரு வேடிக்கை. தண்டியலங்காரம் என்ற செய்யுள் அணியிலக்கண நூலில் மடக்கு என்பதே ஓர் அணி. எழுத்துக்கூட்டம் அப்படியே திரும்ப வந்து வேறு பொருள் தருவது. பாடப்புத்தகக்காரர்கள் அந்த மடக்கணியை இரண்டாக உடைத்து, மடக்கை லூப்புக்கும் அணியை அரேக்கும் பங்கு வைத்துவிட்டார்கள். இப்போது டீச்சர் மடக்கு இல்லாத அணிக்குப் பெயர் கேட்கிறார்.

அதே நூலில் விடையும் இருக்கிறது: தீவகம். ஒரு சொல் ஓரிடத்தில் நின்றுகொண்டு செய்யுளில் பல இடத்துக்கும் போய்ப் பொருள் தரும். 'சேந்தன' என்ற வினை முதலில் ஒருமுறை வருகிறது. அரசனின் கண் சிவக்கிறது, பகைவர் தோள் சிவக்கிறது, திசையெல்லாம் சிவக்கிறது, அம்பும் பறவைக்கூட்டமும் சிவக்கின்றன. வினை ஒன்று, உறுப்பு ஐந்து. '+= 5' செய்வதும் இதைத்தான். முதல்நிலை, இடைநிலை, கடைநிலை என்ற பகுப்புகூட உண்டு; குறியீடு வரியில் எங்கே நிற்கிறது என்பதை வைத்து அதையும் பயன்படுத்தலாம்.

கோட்டையூரிலிருந்து:

ஐயா, தீவகம் என்பது வடமொழித் தீபகம். விளக்கு என்று நம்மிடம் நல்ல சொல் இருக்கும்போது இதை எதற்கு மாணவர் தலையில் கட்டவேண்டும்? விளக்கணி என்று மாற்றினாலும் கல்யாண வீட்டுச் சீரியல் லைட்டுதான் நினைவுக்கு வரும்.

நன்னூலிலிருந்து எடுப்போம். எண்ணுப்பெயர் இரட்டித்தால் ஒவ்வொன்று, இவ்விரண்டு, மும்மூன்று, பப்பத்து என்று பகிர்வுப் பொருள் வரும். தலைக்கு இவ்வளவு என்ற கருத்து தமிழில் இலக்கண வடிவமாகவே இருக்கிறது! அந்த 'ஒவ்'வை உறுப்போடு சேர்த்தால் ஒவ்வுறு. ஒவ்வுறு கூட்டல், ஒவ்வுறு பெருக்கல். இரண்டு அசையில் வேலை முடிந்தது.

தேவகோட்டையிலிருந்து:

> தீவகம் என்பது வடமொழித் தீபகம்

வடவெழுத்தை நீக்கி வந்தால் வடசொல்லும் செய்யுட்சொல்லாகலாம் என்றது தொல்காப்பியர், நானல்ல.

ஒவ்வுறு பற்றி: எண்ணில் இரட்டித்த முதலெழுத்தை வெட்டியெடுத்து வேறொரு பெயரில் ஒட்ட எந்த நூற்பா இடம் தருகிறது? அந்த நன்னூல் விதி ஒன்பதை விலக்கிவிட்டுத்தான் பேசுகிறது என்பதையும் கவனிக்க. ஒன்பது கோயில் நகரத்தார் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒன்பதை மட்டும் விட்ட விதியைப் பிடிக்கிறீர்கள்.

கோட்டையூரிலிருந்து:

ஒன்பது விலகியதற்குக் காரணம் உண்டு. அதன் பழைய பெயர் தொண்டு. தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டும் ஒருபடி மேலே நகர்ந்துபோன பெயர்கள். தொண்டு வழக்கில் இருந்திருந்தால் அதுவும் இரட்டித்திருக்கும். 'தொத்தொண்டு' என்று வந்திருக்குமா என்று நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதுபற்றித் தனியே எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து:

தனியே எழுதுங்கள் ஐயா, கட்டாயம் படிக்கிறேன். இங்கே வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருக்கிறது.

புதுவயலிலிருந்து:

பின்னணிக்கு ஒன்று. மொத்த அணியையும் ஒரே பொருளாக வைத்துக் கணக்கிடும் யோசனை நம்பையோடு பிறந்ததல்ல. கணினி அறிஞர் கென்னத் ஐவர்சன் 1962-இல் வெளியிட்ட நூலில் இதற்கென்றே ஒரு குறியீட்டு முறை கொடுத்தார். ஏபிஎல் மொழி அதிலிருந்து வந்தது. 1979-இல் டூரிங் விருது வாங்கியபோது அவர் பேசியதும் குறியீடு எப்படிச் சிந்தனைக் கருவியாகிறது என்பது பற்றித்தான். ஃபோர்ட்ரான் மொழிக்கு இந்த வசதி 90-ஆம் பதிப்பில் வந்தது. நம்பை 1.0 வந்தது 2006-இல். ஆகவே ஒரு மென்பொருளின் சொல்லை அப்படியே பெயர்க்காமல், கருத்துக்குப் பெயர் வைப்போம்.

டீச்சருக்கு இன்னொன்று: பைத்தானின் சாதாரணப் பட்டியலை 2-ஆல் பெருக்கினால் எண்கள் இரட்டிக்காது, பட்டியலே இரண்டு முறை வரும். 60 மதிப்பெண் 120 ஆகிவிடும். நம்பை அணியில்தான் ஒவ்வொன்றும் இரட்டிக்கும். எந்தச் சொல்லை எடுத்தாலும் இந்த வித்தியாசம் அதில் தெரியவேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

தம்பியின் மறைமடக்கை இலக்கணத்தோடு சேர்த்துவிடலாம். 'பால் குடித்தான்' என்பதில் 'ஐ' உருபு மறைந்து நிற்கிறது, இல்லாமல் போகவில்லை. அது வேற்றுமைத்தொகை. அதேபோல மடக்கு மறைந்து நின்று வேலை செய்தால் மடக்குத்தொகை. வெளிப்படையாக எழுதினால் மடக்குவிரி. பத்தாம் வகுப்பு தாண்டிய எந்தப் பிள்ளைக்கும் தொகையும் விரியும் தெரியும். தீவகத்தை விட்டுக்கொடுக்கிறேன்.

காரைக்குடியிலிருந்து:

இது அழகாக இருக்கிறது! விரியை முதலில் எழுதச் சொல்லி, பிறகு தொகையாக மாற்றச் சொன்னால் பயிற்சியே தயார்.

பள்ளத்தூரிலிருந்து:

நான் வங்கியில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவள். இலக்கணம் பேச வரவில்லை. தொகை என்றால் எங்கள் பக்கம் பணம். ஐந்தொகை போட்டு வளர்ந்த ஊர் இது. கணினியிலும் மொத்தம் கூட்டினால் கூட்டுத்தொகை என்பீர்கள். மடக்குத்தொகை என்று தாளில் பார்க்கிற பிள்ளை 60 மதிப்பெண்ணையும் கூட்டி ஒரே எண்ணைக் கொண்டுவந்து நீட்டும்.

நீங்கள் தேடுவது நம் நகரத்தார் கோயிலுக்குக் கொடுக்கும் புள்ளி வரிதான். கல்யாணமானால் ஒரு புள்ளி. கோயிலுக்கு இன்ன தொகை என்று முடிவானால் அந்த ஒரே எண் எல்லாப் புள்ளிக்கும் பொருந்தும். வீடு வீடாகப் போய் முடிவெடுப்பதில்லை. வசூலுக்கு யாரோ நடக்கத்தான் வேண்டும், அது கூட்டத்தில் பேசுகிறவர்களுக்குக் கவலையில்லை. 'புள்ளிவாரி' என்று வையுங்கள். புள்ளி வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் புரியாது என்றால் உறுப்புவாரி. மாவட்டவாரி, வார்டுவாரி என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோமே.

புதுவயலிலிருந்து:

ஆச்சி, இதுதான். ஆங்கிலத்திலும் 'எலிமெண்ட்வைஸ்' என்று ஒரு சொல் உண்டு, வெக்டரைசேஷனைவிட நேர்மையானது. அணியின் எலிமெண்டுக்குக் கணக்குப் புத்தகத்திலும் உறுப்பு என்றுதான் இருக்கிறது. மறைமடக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

கோட்டையூரிலிருந்து:

வாரி என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். தீவகத்துக்கு நான் சொன்ன மறுப்பு இதற்கும் பொருந்தும்.

பள்ளத்தூரிலிருந்து:

வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று? வாரி இனி எங்கே போகும்?

தேவகோட்டையிலிருந்து:

உறுப்புவாரி புரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒவ்வொன்றுக்கும் நடக்கிறது என்று மட்டும் சொல்கிறது. மடக்கை எழுதாமலே நடக்கிறது என்பதைச் சொல்லவில்லை. மடக்கு போட்டுச் செய்தாலும் உறுப்புவாரிதானே? டீச்சர் கேட்ட வேறுபாடு இதில் கரைந்துபோகிறது.

காரைக்குடியிலிருந்து:

ஐயா சொல்வது சரி. அந்த இடைவெளி எனக்கும் தெரிகிறது. ஆனால் இன்று வியாழன். தாளில் 'உறுப்புவாரிச் செயல்' என்று போட்டு, கீழேயே 'மடக்கை நாம் எழுதுவதில்லை, நம்பை உள்ளே சுற்றிக்கொள்கிறது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். விரி, தொகை ஒப்புமை வகுப்பில் வாயால் சொல்வதற்கு. '+= 5' இருக்கும் அணியையே மாற்றுவதையும், '+ 5' புது அணி தருவதையும் பிரிக்க 'இருந்த இடத்தில் மாற்றல்', 'புதிதாக்கல்' என்று சாதாரணமாகவே எழுதிவிட்டேன். அவற்றுக்குப் பெயர் தேடினால் பொங்கல் வந்துவிடும்.

புதுவயலிலிருந்து:

அச்சுக்குப் போகுமுன் ஒன்று, டீச்சர். முழு எண் அணியில் '*= 1.1' என்று 10 சதவீதம் ஏற்றச் சொல்லும் கணக்கு இருந்தால் எடுத்துவிடுங்கள். பின்னம் முழு எண் இடத்தில் உட்காராது, பிழை வரும். புதிதாக்கலில் பிரச்சினை இல்லை.

அப்புறம், 60 பேருக்கும் 5 பாடம் இருந்து, பாடத்துக்கு ஒன்றாக 5 எண்கள் கொண்ட ஒரே வரிசையை 60 வரிசைக்கும் கூட்டினால்? அதை 'பிராட்காஸ்டிங்' என்கிறார்கள். அதற்கும் உறுப்புவாரிதானா?

தேவகோட்டையிலிருந்து:

அங்கே தீவகம்தான் வரவேண்டும். விட்டுக்கொடுத்தது முந்தைய சொல்லுக்கு மட்டும்.

கோட்டையூரிலிருந்து:

எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். தொண்டு பற்றிய கட்டுரை ஞாயிற்றுக்கிழமை வரும்.

காரைக்குடியிலிருந்து:

அது இரண்டாம் பருவத்துப் பாடம். அதுவரை சண்டை போட நேரம் இருக்கிறது. தாள் அச்சுக்குப் போய்விட்டது, 10 சதவீதக் கணக்கை எடுத்துவிட்டேன்.