செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானம்: ஹேண்டிகேப் 18 ஆட்டக்காரர் எப்படித் திட்டமிடணும்?

மாறன்18:
ஸ்காட்லாந்து போறோம், மூணு பேர், எல்லாருக்கும் ஹேண்டிகேப் 18 ஒட்டித்தான் (அதாவது ஒரு ரவுண்டுக்கு வெச்ச கணக்கை விட சுமார் 18 ஷாட் கூட எடுக்கிறவங்க). ஓல்டு கோர்ஸ்ல ஒரு ரவுண்டு ஆடியே ஆகணும். வீடியோல பார்த்தா மரம் இல்லை, முதல் ஹோல்ல ஒரு ஓடை, ஃபேர்வே (பந்து போக வேண்டிய வெட்டின புல்பாதை) எல்லாம் அவ்வளவு அகலம். அப்புறம் கஷ்டம் எங்கே? 17வது ஹோல்ல டிரைவை (முதல் ஷாட்டை) எங்கே குறி வைக்கிறது? இடம் கிடைக்க என்ன வழி?

நடந்தேஆடு:
இடத்துக்குத் தினசரி குலுக்கல். 2 முதல் 4 பேர் வரை ஒரு குழுவா, ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னாடி மதியம் 2 மணிக்குள் பேர் கொடுக்கணும். முடிவு அன்னைக்கே வந்துடும். விழலைன்னா மறுநாளும் கொடுங்க; அதனால ஊர்ல சில நாள் தங்குற மாதிரி போறது நல்லது. ஞாயிறு வழக்கமா ஆட்டம் கிடையாது, அன்னைக்கு அது ஊர்க்காரங்க உலாவுற பூங்கா. ஹேண்டிகேப் சான்று கையில இருக்கட்டும். கேடி (பையைத் தூக்கிட்டு வழி சொல்றவர்) கட்டாயம் வெச்சுக்கோங்க, காரணம் கீழே யாராவது சொல்வாங்க.

லிங்க்ஸ்பித்தன்:
நான் சொல்றேன். மொத்தம் 112 பங்கர் (மணல் குழி), பாதி டீயில (முதல் ஷாட் அடிக்கிற இடத்துல) நின்னா கண்ணுக்கே தெரியாது. ஒரு காலத்துல இந்தக் கோர்ஸை எதிர்த் திசையிலும் ஆடுவாங்க. அந்தப் பக்கம் இருந்து பார்க்கத் தோதா இருக்கிற பங்கர்கள் நமக்கு மேட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். 12வது ஹோல் இதுக்கு நல்ல உதாரணம்: பார்க்க வெறும் புல்வெளி, ஃபேர்வே நடுவுலயே பங்கர்.

டிரைவ் சந்தேகமா இருந்தா இடது பக்கம் போங்க. பல ஹோல்ல முட்புதரும் எல்லைக் கோடும் வலது பக்கம். இடதுல இருந்து கிரீனுக்கு (கொடியும் குழியும் இருக்கிற ஒட்ட வெட்டின புல்தரைக்கு) கோணம் மோசமாத்தான் இருக்கும், ஆனா பந்து தொலையாது.

பங்கர்ல விழுந்தா கொடியை மறந்துடுங்க. சுவர் புல்கட்டி அடுக்கினது, நேர்செங்குத்து. பந்து சுவரை ஒட்டி இருந்தா பக்கவாட்டிலயோ பின்னாடியோ எடுங்க. அதுவும் முடியலைன்னா ஒரு அபராத ஸ்ட்ரோக்ல பங்கருக்குள்ளேயே டிராப் (பந்தை எடுத்து வேற இடத்துல போடுறது), ரெண்டு அபராதத்துல கொடிக்கு நேர்கோட்டுல பங்கருக்கு வெளியே பின்னாடி டிராப். 1995 ஓபன் போட்டியில ஜாக் நிக்கலஸ் 14வது ஹோல்ல ஹெல்ங்கிற பங்கர்ல இருந்து வெளியே வர 4 ஷாட் எடுத்து, அந்த ஹோலை 10 ஷாட்ல முடிச்சார். அங்கே ரெண்டாவது ஷாட்டை இடது பக்கம் 5வது ஃபேர்வேக்கு அனுப்பிட்டா அந்தப் பேச்சே இல்லை. 2000 ஓபன்ல டைகர் உட்ஸ் 19 அண்டர்ல (வெச்ச கணக்கை விட 19 ஷாட் குறைவா) ஜெயிச்சப்போ நாலு ரவுண்டிலும் ஒரு பங்கர்ல கூட விழலை.

இன்னொண்ணு, ஏழு கிரீன் ரெட்டைக் கிரீன், அதாவது ரெண்டு ஹோலுக்குப் பொதுவானது. பங்கிடுற ஹோல் எண்களைக் கூட்டினா 18 வரும்: 2-16, 5-13, இப்படி. அடுத்த ஹோல் பாதியில பந்து நின்னாலும் அது தவறான கிரீன் கணக்குல வராது, நிவாரணம் (அபராதமில்லாம பந்தை நகர்த்துற சலுகை) இல்லை. 50 கஜம்னாலும் பட் பண்ணித்தான் (தரையோட உருட்டித்தான்) ஆகணும். போகும்போது வெள்ளைக் கொடி, திரும்பும்போது சிவப்பு.

பட்டர்போதும்:
17: டிரைவ் பச்சைக் கொட்டகை மேல போகணும்னு படிச்சிருப்பீங்க. ஸ்லைஸ் ஆச்சுன்னா (பந்து வலது பக்கம் வளைஞ்சா) வலதுல ஹோட்டல், எல்லைக்கு வெளியே. உங்க ஹேண்டிகேப்புக்கு இடது ஓரமே போதும். ரெண்டாவது ஷாட்ல கிரீனைத் தொட நினைக்காதீங்க. கிரீனுக்கு வலது முன்பக்கம் குட்டையா நிறுத்துங்க, ரோடு பங்கர் இடதுல ஒதுங்கிடும். அங்கிருந்து பட்டர்லயே (பந்தை உருட்டுற கிளப்) ஏத்திடலாம். நீளமா போனா பின்னாடி ரோடும் கல்சுவரும், ரெண்டுக்கும் நிவாரணம் கிடையாது. 1978 ஓபன்ல ஜப்பான் ஆட்டக்காரர் நகஜிமா ரெண்டு ஷாட்ல கிரீன்ல இருந்தார். பட் உருண்டு ரோடு பங்கர்ல இறங்கி, 9 ஷாட்ல முடிஞ்சது. நீங்க 5 ஷாட் எடுத்தா சந்தோஷமா நடங்க.

மாறன்18:
பட்டர் எவ்வளவு தூரத்துல இருந்து? எதிர்க்காத்து வந்தா?

பட்டர்போதும்:
நடுவுல பங்கர் இல்லைன்னா 30 கஜம் வரைக்கும் பட்டர். தரை கெட்டி, புல் ஒட்ட வெட்டினது. வெட்ஜ் (பந்தை உயரத் தூக்குற கிளப்) எடுத்தா அதோட அடிப்பாகம் தரையில தட்டி எகிறி, பந்து கிரீனைத் தாண்டி ஓடும். 18ல கிரீன் முன்னாடி பள்ளம் இருக்கு, குட்டையா விழுந்தா உருண்டு அதுக்குள்ள வந்துடும். வழக்கத்தை விட ஒரு படி தூரம் போற கிளப் எடுங்க.

எதிர்க்காத்துல ஓங்கி அடிச்சா ஸ்பின் ஏறி பந்து மேலே போய் நின்னுடும். ரெண்டு படி தூரம் போற கிளப் எடுத்து, பிடியைக் கீழே இறக்கி, பந்தைக் கொஞ்சம் பின்காலை நோக்கி வெச்சு, முக்கால் ஸ்விங்.