தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கலாமா, கூடாதா?

பேஸ்லைன்:
2025 விம்பிள்டன் டென்னிஸ் மகளிர் இறுதிப் போட்டி நினைவிருக்கிறதா? இகா ஸ்வியாடெக்கிடம் அமாண்டா அனிசிமோவா 57 நிமிடங்களில் 6-0, 6-0 என்று தோற்றார். எட்டு வாரம்கூட ஆகவில்லை, யுஎஸ் ஓபன் காலிறுதியில் எதிரே மறுபடியும் ஸ்வியாடெக். முந்தைய இரவு அந்த விம்பிள்டன் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்ததாக அனிசிமோவாவே சொன்னார். 6-4, 6-3 என்று வென்றார். தோற்ற ஆட்டத்தைப் பார்க்க மறுப்பது, மருந்தைக் கொட்டிவிட்டு நோயை வைத்துக்கொள்வது போன்றது.

மாலைக்காற்று:
வென்றதால் அந்த வீடியோவுக்குப் பெருமை சேர்ந்தது. தோற்றிருந்தால் யார் பேசியிருப்பார்கள்? 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் எடுத்தவை 204. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, சர்வ் ஃபெடரருடையது; இரண்டு வாய்ப்புகளில் ஒரு புள்ளி எடுத்தால் போதும், கோப்பை அவருக்கு. அப்படியும் கோப்பை கைநழுவியது. 4 மணி 57 நிமிடம் ஆடிய மனிதருக்கு அதைத் திரும்பப் பார்ப்பது புண்ணைக் கிளறுவதுதானே?

பேஸ்லைன்:
அந்த ஆட்டத்தில்தான் கற்க ஏராளம் இருக்கிறது, நண்பரே. செட் சமனில் நின்றபோது முடிவு செய்ய ஆடிய டைபிரேக்கர்கள் மூன்று, மூன்றும் ஜோகோவிச்சுக்கு. கோப்பைக்கான அந்த இரண்டு புள்ளிகளில் முதலாவதில் ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் (ராக்கெட் பிடித்த கைப்பக்கத்து அடி) வெளியே போனது. இரண்டாவதில் ஃபோர்ஹேண்ட் அடித்துவிட்டு வலையருகே முன்னேறினார். ஜோகோவிச் குறுக்காக அடித்த பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. மொத்தக் கணக்கு இதையெல்லாம் மறைத்துவிடும்.

ஊர்க்கோர்ட்:
என் மகளுக்குப் பதின்மூன்று வயது. போன மாதம் கடைசி செட்டில் 5-2 என முன்னிலையில் இருந்து தோற்றாள். ரயிலில் உட்கார்ந்ததும் செல்பேசியில் எடுத்திருந்த வீடியோவைத் திறந்து, ஒவ்வொரு பந்தாக விளக்கிக்கொண்டே வந்தேன். அவள் பேசவில்லை. ராக்கெட் பிடியில் சுற்றியிருந்த டேப்பை நுனியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு வருவதற்குள் பிடி மொட்டையாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன். அனிசிமோவா தானாகப் பார்த்தார். நான் என் மகளைப் பார்க்க வைத்தேன். இரண்டும் ஒன்றல்ல.

மாலைக்காற்று:
இதைத்தான் நானும் சொல்கிறேன். 1993 விம்பிள்டன் இறுதியில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக யானா நோவோட்னா மூன்றாவது செட்டில் 4-1, 40-30 என்று நின்றார்; இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1. அங்கே ஒரு டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு சர்வும் தவறி புள்ளி போனது. அதற்குப் பின் அவர் ஒரு கேம்கூட எடுக்கவில்லை. பரிசளிப்பில் கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அழுதார். 1997 இறுதியிலும் தோல்வி. 1998இல்தான் கோப்பை கிடைத்தது. ஐந்து ஆண்டுகள்! மனம் ஆறுவதற்கு அதற்கென்று ஒரு காலம் வேண்டும். வீடியோ அதைக் குறைக்காது.

பேஸ்லைன்:
தோற்ற அன்றே பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் முதல் பதிவு அப்படித் தொனித்திருந்தால் பிழை என்னுடையது. அனிசிமோவா பார்த்தது மறு ஆட்டத்துக்கு முந்தைய இரவு; மறுநாள் யாரை எதிர்கொள்ளப்போகிறோம் என்று தெரிந்து பார்த்தார். ஊர்க்கோர்ட் ஐயா, வீடியோவை அழித்துவிடாதீர்கள். மகள் கேட்கும் நாளில், 5-2க்குப் பிறகு அவள் சர்வ் செய்த கேம்களை மட்டும் காட்டுங்கள்.

ஊர்க்கோர்ட்:
நேற்று அவளே கேட்டாள். 5-3இல் இரண்டாவது சர்வை எங்கே போட்டேன் என்று. பார்த்தோம். ஐந்து முறை இரண்டாவது சர்வுக்குப் போயிருந்தாள். ஐந்தும் எதிராளியின் ஃபோர்ஹேண்டுக்கே. நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலிலிருந்து இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள்.